பழைய வண்டிக்குப் புது வர்ணம்

விழா மலர்களுக்கு எழுதுவோர் தம் ஆசான்மாரைப் பற்றியும், விடுதி வாழ்க்கையைப் பற்றியும், துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியும் எழுதுதல் வழக்கம். அவற்றை எம்மினும் நன்கு எழுத வல்லார் பலர் உளர். ஆதலின், கல்லூரியிலே கல்லாத ஒரு தொழிலைப் பற்றி எழுதத் துணிந்தோம். எழுபதாம் அகவையை அடுத்த காலத்திலே, இங்கிலாந்தில், எம் வீட்டுக் கொட்டகையிலே பயின்ற தொழில் அது. பழைய மோட்டார் வண்டியொன்றுக்கு வர்ணம் பூசினோம். வண்டி எமதன்று. எம்முடன் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பருடையது. அவர் 2019ஆம் ஆண்டிலே காலமானார்.

வண்டி 1965இற் செய்யப்பட்ட எம். ஜி. பி.; இருவர் அமரும் திறந்த வண்டி. எம். ஜி. என்பன 'மொறிஸ் கராச்சு' என்ற பெயரின் முதலெழுத்துக்கள். ஒக்ஸ்போட் நகரிலே மொறிஸ் வண்டிகளை விற்றும் திருத்தியும் வந்த அந்நிலையத்தில் 1920களில் முகாமையாளராயிருந்த செசில் கிம்பர் என்பார், அவ்வண்டிகளுக்கு இலேசான உடல் பொருத்தி விற்கத் தொடங்கியதே இவ்வினத்தின் தோற்றம். எம். ஜி. பி. 1962 முதல் 1980 வரை அபிங்டன் என்னும் சிற்றூரிலே ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்தவர்க்கு இது முற்றும் அந்நியமன்று. இதன் 1798 கன சென்ரிமீற்றர் இயந்திரம், எம் ஊர் வீதிகளிலே ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் வண்டிகளின் இயந்திரத்துக்கு உடன்பிறப்பு. 1990களிலே பெற்றோல் கிட்டாதபோது, சில துளி பெற்றோலிலே விழித்துக்கொண்டு மண்ணெண்ணெயிலே ஓடிக்காட்டியவை எம் ஊர்ப் பழைய ஆங்கில வண்டிகள் அல்லவா?

நண்பர் இதனை 1978இல் வாங்கினார். அப்போதே அது சிவப்பு. ஹைகேற் முருகன் கோயிலுக்கு வேட்டி சால்வையுடன், கூரையை மடித்துவிட்டு அவர் வந்திறங்கும் காட்சியைக் கண்டோர் இலண்டனிலே இன்னும் பலர் இருப்பர். அவருக்குப் பின் வண்டி மூன்றாண்டு கொட்டகையிலே கிடந்தது. ஏற்கெனவே வெயில் தின்றிருந்த சிவப்பு வெளிறி ரோசா நிறமாயிருந்தது. கதவுகளின் கீழே துரு பூத்திருந்தது. மகனார் விற்றுவிடலாம் என்றார். விற்பதாயினும் வைத்திருப்பதாயினும் வர்ணம் பூசியே ஆகவேண்டும். தொழிலாளர் கேட்ட கூலியோ வண்டியின் விலையிற் பாதியை விழுங்குவதாயிருந்தது. கணக்காளராய் வாழ்நாளைக் கழித்த நாம், ஓய்வுடையோம் என்னும் ஒரே தகுதியைக் கொண்டு, அவ்வேலையை ஏற்றோம்.

முதலில் எழுந்தது நிறம் பற்றிய வழக்கு. கேய்டனிலுள்ள பிரித்தானிய மோட்டார் நூதனசாலை, பழைய வண்டிகளின் தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் வழங்குகிறது. எம் வண்டியின் சான்றிதழ் 'ஐரிஸ் நீலம்' என்றது. சிவப்பு, யாரோ முந்திய உடையவர் பூசியது. சேகரிப்போர் பிறந்த நிறத்தையே விரும்புவர்; விலையும் கூடும். ஆதலின் மகனார் நீலம் என்றார். தேநீர் கொண்டுவந்த அவர் தாயார் சிறிது நேரம் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "நீல வண்டியா? அப்படியொரு வண்டியை எனக்குத் தெரியாதே, அண்ணா" என்றார்.

நாம் அம்மையாரின் பக்கம் நின்றோம். தொழில்முறைக் காரணமும் ஒன்று துணையாயிற்று. பழைய சிவப்பு வர்ணங்களிற் சில, மேலே பூசும் புது வர்ணத்தின் கரைப்பானிலே கரைந்து மேலெழுந்து கசியும் இயல்பின. நீலம் பூசுவதாயின் சிவப்பு முழுவதையும் இரும்பு தெரியச் சுரண்டுதல் வேண்டும். சிவப்பின்மேற் சிவப்பாயின் அந்த அச்சமில்லை. இக்காரணத்தையே மகனாரிடம் விரித்துரைத்தோம். மற்றக் காரணம் அவருக்குத் தெரிந்ததே.

அடுத்த வழக்கு வர்ணத்தின் இனம் பற்றியது. இக்காலத் தொழிலாளர் பூசுவது இரு கலவை வர்ணம். கடினமானது, பளபளப்பானது, மெருகிடத் தேவையில்லாதது. ஆனால் அதனை இறுகச் செய்யும் கலவையிலே ஐசோசயனேற்று என்னும் பொருள் உண்டு. அதன் நுண்துளிகளைச் சுவாசிப்போர்க்குத் தொய்வு நோய் உண்டாகலாம். ஒருமுறை உடல் அதனை வெறுக்கக் கற்றுக்கொண்டால், பின்னர் மிகச் சிறிதளவும் மூச்சை அடைத்துவிடும். கரிவடி பொருத்திய சாதாரண முகமூடி போதாது. வெளியிலிருந்து குழாய்வழி நற்காற்று வரும் முகமூடி வேண்டும். எம் இல்லத்தரசியாரோ இளமை முதல் தொய்வால் வருந்துபவர். கொட்டகையின் சுவருக்கு அப்பால் அவர் சமையலறை. இதற்குமேல் ஆராய என்ன இருக்கிறது?

ஆகவே பழைய செலுலோசு வர்ணத்தையே தெரிந்தோம். பஞ்சை நைத்திரிக்கமிலத்தாற் பதப்படுத்திப் பெறும் பொருள் இதன் மூலம். பீரங்கிக்கு மருந்தாகும் வெடிபஞ்சும் இதன் சுற்றமே. 1923இலே அமெரிக்காவில் டூபொன்ற் நிறுவனத்தார் 'டூகோ' என்ற பெயரில் இதனை மோட்டார் வண்டிக்குக் கொணர்ந்தனர். அதற்கு முன் ஒரு வண்டியின் வர்ணம் காய வாரக்கணக்கு ஆகும். டூகோ மணிக்கணக்கிற் காய்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2004இற் செய்த விதியாலே இத்தகைய வர்ணங்களின் விற்பனை கட்டுப்படுத்தப்பட்டது. எனினும் வரலாற்றுச் சிறப்புடைய பழைய வண்டிகளுக்கு விலக்கு வைத்தனர். செலுலோசின் ஆவியும் நன்றன்று, தீப்பற்றவும் வல்லது. கரிவடி முகமூடியும், திறந்த கதவும், அண்மையில் நெருப்பில்லாமையும் கட்டாயம். இல்லத்தரசியாரைப் பூசும் நாட்களிலே மகள் வீட்டுக்கு அனுப்பினோம்; அவரும் மகிழ்ந்தே சென்றார்.

பூசுதல் என்பது இவ்வேலையிற் பத்திலொரு பங்குதான். எஞ்சிய ஒன்பதும் தேய்த்தல். துருப்பிடித்த கதவடித் தகடுகள் வண்டியின் பாரத்தையே தாங்குவன, எம். ஜி. பி.க்குத் தனிச் சட்டகம் இல்லை. அவற்றை ஒட்டும் வேலையை ரிங்கர் தொழிலாளர் ஒருவரிடமே விட்டோம். ஏனையவற்றை மகனாரும் நாமும் சனி ஞாயிறுகளிலே அரத்தாளும் தண்ணீரும் கொண்டு தேய்த்தோம். பழைய வர்ணங்களிலே ஈயம் இருத்தல் கூடும். ஆதலால் உலரத் தேய்த்துத் தூளெழுப்புதல் ஆகாது. தேயத் தேய, விளிம்புகளிலே வர்ணங்கள் மரத்தின் வளையங்கள் போலத் தோன்றின: சிவப்பு, அதன்கீழ் வேறொரு சிவப்பு, சாம்பல், அதன்கீழ் மெல்லிய நீலம்.

முன் இடச் சிறகிலே விரற்பருமனுக்குப் பட்டி அப்பியிருந்தது. மகனார் ஆங்கிலத்திலே வினவினார். நாம் தமிழிலே விடையிறுத்தோம். அவர் பிறந்த இரவு, வைத்தியசாலையிலிருந்து செய்தி வந்ததும், நண்பர் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தித் திருப்புகையில் சிறகை வாயிற்றூணிலே மோதினார். மறுவாரம் தாமே பட்டி அப்பி மூடினார். இதனை மகனார் அதுவரை அறிந்திலர். அன்று அவர் அச்சிறகை வேறெவரையும் தேய்க்க விடவில்லை.

பட்டியும் பிறைமரும் இட்டபின், கறுப்பு வர்ணத்தை மெல்லிய பனிபோல விசிறி, மரக்கட்டையிற் சுற்றிய 400ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்தல் வேண்டும். மேடான இடத்திற் கறுப்பு முதலிற் போகும்; பள்ளத்திலே தங்கும். கண்ணுக்குத் தோன்றாத பள்ளத்தைக் கறுப்பு காட்டிக்கொடுக்கும். கறுப்பு எங்கும் ஒருசேரப் போகும்வரை மீண்டும் பிறைமர், மீண்டும் தேய்ப்பு; பின்னர் 600, 800 என நுண்ணிய தாள்கள். இயந்திர மூடி அலுமினியத்தாலானது. அதிலே சாதாரண பிறைமர் பிடியாது. அமிலங்கலந்த பிறைமர் தனியே வேண்டும்.

ஸ்பிறே கன்னைப் பிடிக்கப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய கதவொன்றின்மேல் நான்கு வாரம் பயின்றோம். தகட்டுக்கும் கன்னுக்கும் இடையே ஒரு சாண் இருத்தல் வேண்டும். கிட்டினால் வர்ணம் வழியும். எட்டினால் தோடம்பழத் தோல் போலச் சொரசொரக்கும். கையை வில்லாக வளைக்காது, தகட்டுக்கு நேராகவே கொண்டுசெல்லவேண்டும். ஒரு வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடவேண்டும்.

காலநிலை எல்லாவற்றிலும் பெரிய எசமான். செலுலோசின் கரைப்பான் ஆவியாகும்போது தகடு குளிரும். காற்றிலே ஈரம் மிகுந்தால் அது படிந்து வர்ணம் வெளுத்துப்போகும். வெப்பம் மிகுந்தாலோ துளிகள் தகட்டை அடையுமுன்னரே காய்ந்து தூளாகும். 2022 யூலையிலே இங்கிலாந்தின் வெப்பம் வரலாற்றில் முதன்முறையாக 40 பாகையைத் தாண்டியது. யாழ்ப்பாணத்தார்க்கு அஞ்சத்தக்க வெயிலன்று. எனினும் வர்ணத்தின் பொருட்டுக் காத்திருந்தோம். ஓகஸ்டிலே, பனியுலர்ந்த காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, வர்ணமும் தின்னரும் சமபங்காய்க் கலந்து, ஒவ்வொன்றுக்கும் இடையே கால்மணி விட்டு, ஆறு பூச்சுப் பூசினோம். கடைசிப் பூச்சின்போது சிவப்பின் ஈரப்பளபளப்பிலே கொட்டகையின் கூரைச் சலாகைகள் நேர்கோடாகத் தெரிந்தன. அது கண்ட மகிழ்ச்சியை மறைக்கமாட்டோம்.

பின்புறப் பெட்டி மூடியின் உட்புறத்திலே நண்பர் தூரிகையாலே பூசிய ஓரிடம் உண்டு. தூரிகையின் மயிரொன்று வர்ணத்திலே ஒட்டிக் கிடக்கிறது. அதனைத் தாளால் மூடி அப்படியே விட்டோம். நிபுணர் கண்டால் குறைகூறுவர், கூறட்டும்.

செலுலோசு சில வாரம் சுருங்கும். ஆதலின் ஒக்ரோபரிலேதான் 1500, 2000ஆம் இலக்கத் தாள்களால் தேய்த்து மெருகேற்றினோம். அம்மையார் வந்து வண்டியை ஒருமுறை சுற்றி நடந்தார்; முன் இடச் சிறகிலே கைவைத்தார்; ஒன்றும் பேசவில்லை. விற்பது பற்றி மகனாரும் அதன்பின் பேச்செடுக்கவில்லை. மீந்த அரை லீற்றர் வர்ணத்தை இறுக மூடி, நிறத்தின் பெயரும் கலந்த திகதியும் எழுதி ஒட்டி அவரிடம் கொடுத்தோம். நெருப்பண்டாத இடத்திலே வைக்கும்படியும் சொன்னோம்.