நத்தைக்கும் பசிக்கும்

அம்மா முதல் தடவை சிங்கப்பூர் வந்தபோது கூடத்தில் இருந்த உப்புத்தண்ணீர்த் தொட்டி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மீனைப் பார்க்கவில்லை, பவளத்தையும் பார்க்கவில்லை. கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த ஒன்றைக் காட்டி, "இந்த நத்தையையுமா காசு குடுத்து வாங்குன?" என்றார். ஒன்று நான்கு வெள்ளி என்றேன். மனசுக்குள் ரூபாய்க் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு மழை பேஞ்சா நம்ம கிணத்தடியிலயே கூடை கூடையா அள்ளலாமேடா" என்றார். உப்புப் பட்டால் சாகிற நத்தை அது, உப்பு இல்லாவிட்டால் சாகிற நத்தை இது என்று விளக்கினேன். முதலில் வாங்கிய நாற்பது நத்தைகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்தக் கதை இது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 200 லிட்டர் தொட்டி வைத்து இரண்டாவது மாதம். கண்ணாடி, கல், மணல் எல்லாம் பழுப்பு மாவு தூவியதுபோல் ஆகிவிட்டது. புதுத் தொட்டிக்கு வரும் டயாட்டம் பாசி அது. தண்ணீரிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கேட்டைத் தின்று வளரும், அது தீர்ந்ததும் சில வாரங்களில் தானே போய்விடும். அது எனக்கு அப்போது தெரியாது. ஒரு காலனுக்கு ஒரு நத்தை என்று அமெரிக்கர்கள் எழுதியிருந்ததைப் படித்திருந்தேன். 200 லிட்டர் என்றால் ஏறக்குறைய 53 காலன். கடைக்காரர் 'கிளீனிங் பேக்கேஜ்' என்று பையில் போட்டுக் கொடுத்த நாற்பதையும் ஒரே சாயங்காலம் உள்ளே விட்டேன்.

நான்கே நாளில் கண்ணாடி பளிச்சென்று ஆனது. வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். இரண்டாம் வாரம் ஒன்றிரண்டு கீழே விழுந்து கிடந்தன. தூங்குகிறது என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் அறைக்குள் வாடை. அமோனியா சோதனைக் குப்பியில் நிறம் பச்சையாக ஏறியது. ஐந்தாம் வாரம் நத்தையும் இல்லை, பழுப்புப் பாசியும் இல்லை. கல்லெல்லாம் விரல் நீளத்துக்குப் பச்சை முடிப்பாசி காற்றில் ஆடும் நாற்றுபோல் ஆடிக்கொண்டிருந்தது. அழுகிய நத்தைகள் அதற்கு உரமாகியிருந்தன.

லிட்டர் கணக்கில் எங்கே தப்பு என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. பாசி லிட்டரில் வளர்வதில்லை. விளக்கின் வெளிச்சத்திலும் தண்ணீரில் கரைந்த நைட்ரேட்டிலும் பாஸ்பேட்டிலும் வளர்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் ஒன்று இருபது நத்தைக்குச் சோறு போடும். இன்னொன்றில் மூன்று நத்தை பட்டினி கிடக்கும். தொட்டியின் கொள்ளளவைச் சொல்லி எத்தனை நத்தை என்று கேட்பது, வீட்டின் சதுர அடியைச் சொல்லி எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று கேட்பதுபோல.

இன்னொரு தப்பும் அதிலேயே இருந்தது. நத்தை துப்புரவு செய்கிறது என்று நாம் சொல்கிறோம். அது சாப்பிடுகிறது, அவ்வளவுதான். சாப்பிட்டதில் பெரும்பகுதி சின்னச் சின்ன உருண்டைகளாகத் தொட்டிக்குள்ளேயே திரும்ப விழுகிறது. கல்லில் ஒட்டியிருந்த பாஸ்பேட் இப்போது மணலில் கிடக்கிறது. அதை வெளியேற்ற, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், அல்லது தொட்டியை ஒட்டிய தடுப்பில் கீட்டோமார்ஃபா போன்ற பாசியை நாமே வளர்த்து வாரம் ஒரு பிடி பிடுங்கி எறிய வேண்டும். பிடுங்கி எறிகிற பாசிதான் உண்மையில் தொட்டியை விட்டுப் போகிறது. இதெல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் நத்தைக்கு வேலை கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

எண்ணிக்கையை விட்டபிறகு வாயைப் பார்க்க ஆரம்பித்தேன். இரவு பதினொன்றரைக்கு விளக்கணைத்து, சின்ன டார்ச்சின் மேல் சிவப்பு பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் தெரியும். கண்ணாடிக்கு மறுபுறமிருந்து பார்க்கும்போது நத்தையின் வாய் திறக்கும், அரம் போன்ற ஒரு நாக்கு வெளியே வந்து கண்ணாடியை ஒரு சீவு சீவிவிட்டு உள்ளே போகும். பின்னால் வளைந்து வளைந்து ஒரு கோலம் விழும். இந்த நாக்கில் வரிசை வரிசையாகப் பல். முன்பல் தேயத் தேயப் பின்னாலிருந்து புதிது நகர்ந்து வரும். பாறையை உடும்புபோல் பற்றிக்கொள்ளும் லிம்பெட் நத்தையின் பல்லில் இரும்புத் தாதுவே இருக்கிறது. எந்த வாய் எந்தப் பாசியைச் சீவும் என்பதுதான் தேர்வின் முதல் பாடம்.

எனக்குப் பிடித்தது டிரோக்கஸ். கோபுரம் மாதிரி ஓடு, பட்டை பட்டையாக நிறம். மல்லாக்க விழுந்தால் காலை நீட்டித் தானே திரும்பிக்கொள்ளும். அற்பமாகத் தோன்றலாம். மல்லாந்த நத்தை மணலில் கிடந்தே செத்துப்போவதை, அல்லது நண்டு வந்து தின்றுவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய குணம். செரித் ஒல்லியானது, ஊசிமுனை போன்ற ஓடு, கல்லிடுக்கிலும் மணலின் மேல்தோலிலும் வேலை செய்யும். பகலில் எங்கே போனதென்றே தெரியாது. டர்போ பெருந்தீனிக்காரன். முடிப்பாசியை அடியோடு வழிக்கும், ஆனால் கோழிமுட்டை அளவு வளர்ந்ததும் வழியில் ஒட்டிவைத்த பவளத் துண்டுகளையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு போகும். அமெரிக்கர்கள் காணொளிகளில் கொண்டாடும் மெக்சிகன் டர்போ கலிஃபோர்னியா வளைகுடாப் பக்கத்து உயிர். நம் வெப்பத்தில், சில்லர் போட்டு 26 டிகிரியில் வைத்தாலும், மெதுவாக வாடிப்போகிறது. இரண்டு முறை வாங்கி ஏமாந்தேன். இந்தோனேசியாவிலிருந்து வரும் டர்போவே நம் சூட்டுக்கு ஏற்றது.

நாசாரியஸை நத்தை என்பதற்காகவே பாசி தின்னும் என்று விற்கிறார்கள். அது பாசியைத் தொடாது. மணலுக்குள் புதைந்து தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டியிருக்கும், மீன் தீனியின் வாசம் வந்ததும் எழுந்து வரும். மிச்சம் மீதியைத் தின்ன நல்லது. பாசிக்காக வாங்கினால் வீண்.

ஓட்டின் வாயைப் பார்த்து ஓரளவு குணம் சொல்லலாம். வாய் வட்டமாக முழுசாக இருந்தால் பெரும்பாலும் பாசி தின்னி. விளிம்பில் குழாய் நீட்டுவதற்கு ஒரு பள்ளம் வெட்டியிருந்தால் பெரும்பாலும் மாமிசம். நம் பூஜையறை வலம்புரிச் சங்கு இரண்டாவது வகை, கடலுக்கடியில் புழு தின்று வாழ்ந்த பிராணி. ஆனால் செரித்துக்கும் அந்தப் பள்ளம் உண்டு, மணலைத் துழாவும் ஸ்ட்ராம்பஸ் சங்குக்கும் உண்டு, இரண்டுமே சைவம். பல்லாங்குழிச் சோழிகளில் சின்ன மஞ்சள் சோழி பாசி தின்னும். அதன் அண்ணன் புலிச்சோழி வளர்ந்தபிறகு கடற்பஞ்சையும் மென்பவளத்தையும் ருசி பார்க்கும். ஆகவே விதியை நம்பினாலும் பெயரைக் கேட்காமல் வாங்குவதில்லை.

துறவி நண்டுகள் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பெயர்தான் துறவி. அடுத்தவன் வீட்டின் மேல் கண். ஓடு பிடித்துவிட்டால் உள்ளே இருக்கும் நத்தையைக் கொன்று குடியேறிவிடும். காலி ஓடுகள் நிறையப் போட்டுவைத்தால் குறையும் என்பார்கள், குறைகிறது, நிற்பதில்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று இரண்டு வைத்திருந்தேன். எமரால்டு நண்டு வேறு கதை. பச்சைக் கண்ணாடி மணி மாதிரி கல்லில் வரும் குமிழ்ப்பாசியைக் கிள்ளித் தின்பவர் வேறு அதிகம் இல்லை. அதற்காக ஒன்று போதும்.

கடல் முயலை இங்கே தொட்டி வைத்திருக்கும் நாங்கள் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. ஒரு வாரத்தில் முடிப்பாசிக் காட்டையே மேய்ந்துவிடும், அதற்கப்புறம் தின்ன ஒன்றுமில்லாமல் செத்துவிடும். பயந்தால் ஊதா மை வேறு கக்கும். அதனால் கோயில் மாடு மாதிரி ஒருவர் தொட்டியில் மேய்ந்து முடித்ததும் அடுத்தவர் தொட்டிக்குப் போய்விடும். ஒரே கடல் முயல் ஆறு வீடு சுற்றி வந்த வருடமும் உண்டு. கடல் அட்டை வேண்டாம் என்பது என் தீர்ப்பு. மணலை நன்றாகத்தான் சலிக்கும், ஆனால் மோட்டாரில் சிக்கிச் செத்தால் அதன் நஞ்சில் மொத்த மீனும் போகும். தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2001 முதல் அங்கே கடல் அட்டையும் கல்பவளங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தவை. மண்டபம் கரையில் பொறுக்கினேன் என்று தொட்டியில் போட முடியாது.

கடல் முள்ளெலியை வைக்கலாமா என்று யோசித்தபோதுதான் கரீபியன் கதையைப் படித்தேன். 1983 ஜனவரியில் பனாமா கால்வாய் முகப்பருகே நீண்ட கருமுள் கொண்ட டயடீமா முள்ளெலிகள் சாக ஆரம்பித்தன. ஓராண்டு சொச்சத்தில் கரீபியன் முழுக்கப் பரவி, பல இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்தன. ஜமைக்காவில் பாசி மேயும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள், 1980-இல் ஆலன் புயல் பவளத்தை நொறுக்கியிருந்தது. கடைசி மேய்ச்சல்காரனாக இருந்த முள்ளெலியும் போனதும் பாசி ஏறிக்கொண்டது. 1970-களின் இறுதியில் பவளம் பாதியும் பாசி நூற்றுக்கு நான்கும் இருந்த பவளப்பார்கள், 1990-களின் தொடக்கத்தில் பாசி நூற்றுக்குத் தொண்ணூறு என்று தலைகீழாகின. 2022-இல் முள்ளெலிகள் மறுபடி சாகத் தொடங்கின. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒற்றைச்செல் உயிரி காரணம் என்று அடுத்த ஆண்டு கண்டுபிடித்தார்கள். கடலுக்கே ஒரே ஒரு வாயை நம்பினால் இந்தக் கதி. நாற்பதும் ஒரே வகையாக வாங்கிய நான் எம்மாத்திரம். அதன்பிறகு நான்கு வகை, வகைக்கு மூன்று நான்கு என்று மாறினேன். முள்ளெலியில் சின்ன டக்ஸீடோ ஒன்று இருக்கிறது. ஐந்து பல்லால் கல்லைச் சுரண்டும், கூடவே என் பவளத் துண்டு, நத்தையின் காலி ஓடு என்று கிடைத்ததையெல்லாம் தலையில் சூடிக்கொண்டு திரியும்.

கடையில் எப்படிப் பார்த்து எடுப்பது? கீழே கிடப்பதை விட்டுவிட்டுக் கண்ணாடியில் ஏறியிருப்பதைக் கேட்பேன். "அங்கிள், மேலே ஒட்டியிருக்கிறதைக் கொடுங்கள்" என்றால் அவருக்கு இப்போது தெரியும். கையில் எடுத்ததும் காலை உள்ளிழுத்து மூடியை இறுக்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோவேன், செத்தது பத்தடியிலேயே சொல்லிவிடும். பிறகு ஓட்டின் விளிம்பில் அரிசிமணி போல் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். அது நத்தையின் சாற்றைக் குடிக்கும் இன்னொரு குட்டி நத்தை, வீட்டுக்குக் கொண்டுவந்தால் எல்லாவற்றிலும் ஏறிவிடும்.

வீட்டுக்கு வந்தபின் அவசரம் கூடாது. மீனாவது தன் உடம்பு உப்பைத் தானே கட்டுப்படுத்தும். நத்தைக்கும் முள்ளெலிக்கும் வெளியே எவ்வளவு உப்போ உள்ளேயும் அவ்வளவுதான். கடைத் தண்ணீரின் ஒப்படர்த்தி 1.021, நம் தொட்டியில் 1.026 என்றால் சட்டென்று மாற்றும்போது சுருங்கி இரண்டு நாளில் விழும். மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் விடுகிறேன். பழைய தொட்டி மலிவாகக் கிடைத்தால் அதில் மீனுக்குத் தாமிர மருந்து போட்டார்களா என்று கேளுங்கள். தாமிரம் கல்லிலும் மணலிலும் தங்கிவிடும். எனக்கு ஒருவர் பழைய கல்லைத் தூக்கிக் கொடுத்தார், கேட்க மறந்தேன். ஒன்பது டிரோக்கஸ் ஒரே இரவில் போனது.

இப்போது மூன்றோடு ஆரம்பிக்கிறேன். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, கண்ணாடியில் பாசி முந்தினால் இன்னும் இரண்டு. நத்தை முந்தினால் வாங்குவதில்லை. சூஷிக்குச் சுற்றும் உப்புப் போடாத நோரித் தாளை விரலகலம் கிழித்துக் கல்லில் ரப்பர் வளையத்தால் கட்டி வைக்கிறேன். பாசி தின்ன வாங்கிய பிராணிக்கு நாமே பாசி வாங்கிப் போடுவதைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. இரண்டாவது முறை வந்தபோது காலையில் அவரே எழுந்து கட்டிவிட்டார்.

ஆறு டிரோக்கஸ் வாங்கியிருந்தேன். ஒரு நாள் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது, முட்டை விட்டிருக்கின்றன என்று பிறகுதான் தெரிந்தது. நான்கு மாதம் கழித்துக் கல்லிடுக்கில் மிளகு அளவில் சில. போன வாரம் எண்ணினேன், பெரிதும் சிறிதுமாகப் பதினேழு. என் தொட்டியில் அவ்வளவுக்குப் பாசி இல்லை. வேண்டுமென்பவர்களுக்குச் சும்மாவே தருகிறேன். எத்தனை லிட்டர் என்று எழுத வேண்டாம், இரண்டு வாரம் துடைக்காமல் விட்ட கண்ணாடியைப் படம் எடுத்து அனுப்புங்கள்.