கணக்கில் சேரும் குட்டிகள்

செஞ்சிக்கும் ஆடுகளுக்கும் உள்ள உறவு இங்குள்ள கோட்டையினும் பழையது. ராஜகிரியின் மீது முதல் அரணை எழுப்பியவர் ஆனந்தக் கோன் என்னும் ஆயர் தலைவர் என்று இவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவருக்குப் பின் நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர், முகலாயர் எனப் பலர் ஆண்டு சென்றனர். சஆதத்துல்லா கான் பெயர் தாங்கிய பள்ளிவாசல் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது. குன்றடிப் புதர்களில் செம்மறிகள் மேய்வதும் நிற்கவில்லை.

எங்களுடையது சிறிய மந்தை. செந்நிற உடலும் குட்டை மயிரும் கொண்ட 'சென்னைச் சிவப்பு' இனம். ஆடியில் கிடாக்களைச் சேர்த்தால் ஏறத்தாழ ஐந்து மாதம் கழித்து, மார்கழியில் குட்டிகள் பிறக்கும். மழையில் தழைத்த புல் அப்போது தாய்க்குக் கிடைக்கும். குட்டி புல் கடிக்கப் பழகும் வேளையில் தை அறுவடை முடிந்த வயல்கள் மேய்ச்சலுக்குத் திறந்திருக்கும். பனி மட்டுமே பகை.

ஈனும் ஆடு மந்தையை விட்டு விலகி, முன்காலால் மண்ணைக் கீறும், படுக்கும், எழும். முன்கால்கள் இரண்டும் அவற்றின்மேல் மூக்கும் தெரிந்தால் நாங்கள் கை வைப்பதில்லை. குட்டி விழுந்ததும் மூக்கிலுள்ள சளியைத் துடைத்து, தாயின் முன்னே கிடத்தி நக்க விடுவோம். அந்த நக்கலில்தான் தாய் தன் குட்டியின் மணத்தை அறிந்துகொள்கிறது. அடுத்தது சீம்பால். நோயை எதிர்க்கும் ஆற்றல் கருவறையிலேயே குட்டிக்குக் கிடைத்துவிடுவதில்லை. சீம்பால் வழியாகவே வருகிறது. அதை உடலில் ஏற்கும் திறன் முதல் நாளுக்குள் குட்டியின் குடலிலிருந்து மறைந்துவிடும். ஆகவே தலையீற்று ஆடு குட்டியை உதைத்துத் தள்ளினால், ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொள்ள மற்றவர் காம்பைக் குட்டியின் வாயில் வைத்து விடியும்வரை போராடுவோம். தொழுகைக்கென்று ஒரு தூய ஆடை பட்டியின் வாசலில் எப்போதும் தொங்கும். இரத்தமும் பனிக்குட நீரும் படிந்த உடையைக் களைந்து, கைகால் கழுவி, சுப்ஹுக்கு விரைவோம். ஆடு மேய்க்காத நபி எவரும் அனுப்பப்படவில்லை என்ற நபிமொழி இம்மாதத்தில் எங்களுக்கு வேறு விதமாகக் கேட்கும்.

எங்கள் ஜகாத் ஆண்டு நிறைவது ரஜப் மாதத்தில். ஹிஜ்ரி மாதங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முன்னகரும். ஆடுகளோ ஆடியையும் மார்கழியையும் விட்டு நகர்வதில்லை. ஹிஜ்ரி 1444இல் தை மாதத்தில் பிறந்த ரஜப், 1447இல், அதாவது 2025 டிசம்பர் இறுதியில், மார்கழிக்குள் வந்துவிட்டது. ஈற்றுக்கு நடுவே கணக்கெடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு கிடாக்கள், நாற்பது தாய் ஆடுகள், போன ஆண்டுக் குட்டிகள் பன்னிரண்டு, ஆக 54. அன்றுவரை பிறந்து பிழைத்தவை 29.

கணக்கு நாளுக்குப் பத்து நாள் முன்பே உறவினர் ஒருவர் ஒரு வழி சொன்னார். மேய்ச்சலில் வளரும் ஆடுகளுக்கு நாற்பதிலிருந்துதானே ஜகாத்? பதினைந்தை இப்போதே வியாபாரியிடம் தள்ளிவிட்டால் 39தான் மிஞ்சும். சினை ஆட்டுக்கு விலையும் நன்றாக இருக்கிறது. தீவனக் கடன் இருந்ததால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஓடியது. அத்தா எங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். ஜகாத்துக்கு அஞ்சி, சேர்ந்திருப்பதைப் பிரிக்கவும் கூடாது, பிரிந்திருப்பதைச் சேர்க்கவும் கூடாது என்ற கட்டளையை, அபூபக்ர் (ரலி) அவர்கள் எழுதி அனுப்பிய ஜகாத் விதிகளிலிருந்து ஹஜ்ரத் எடுத்துச் சொன்னார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

குட்டிகளைப் பற்றியும் கேட்டிருந்தோம். தாயிஃப் பகுதியில் ஜகாத் திரட்டிய சுஃப்யான் பின் அப்துல்லாஹ் அவர்களிடம், குட்டிகளையும் எண்ணுகிறீர்கள், ஆனால் குட்டியை ஜகாத்தாக ஏற்பதில்லையே என்று மக்கள் குறைபட்டனர். செய்தி உமர் (ரலி) அவர்களிடம் சென்றது. மேய்ப்பன் கையில் தூக்கி வரும் குட்டியையும் எண்ண வேண்டும், ஆனால் அதை எடுக்கலாகாது என்றார்கள் உமர் (ரலி) அவர்கள். கொழுக்க வளர்த்த ஆட்டையும், பாலூட்டும் ஆட்டையும், சினை ஆட்டையும், கிடாவையும்கூட எடுக்கலாகாது; நடுத்தரமானதையே எடுக்க வேண்டும். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இது பதிவாகியுள்ளது. குட்டிகளோடு 83 ஆகியும் எங்கள் மீதான கடமை ஓர் ஆடுதான். 120ஐத் தாண்டினால்தான் இரண்டு.

எந்த ஆடு என்பதுதான் கேள்வி. மார்கழியில் எங்கள் பட்டியில் சினையுமின்றிப் பாலும் இன்றி இருப்பவை அந்தப் பன்னிரண்டு மட்டுமே. அவற்றில் ஓராண்டு நிறைந்த ஒன்றைக் கொடுத்தால் கடமை தீரும். அத்தா ஒன்றைத் தேர்ந்து காலில் கயிறும் கட்டிவிட்டார். அம்மாதான் மறுத்தார். பெறுபவர் மேல்மலையனூர் சாலையில் குடியிருக்கும், கணவரை இழந்த பெண், இரண்டு பிள்ளைகள். பால் தராத, இன்னும் ஓராண்டு கழித்தே ஈனக்கூடிய ஆட்டை வைத்து இந்தக் குளிரில் அவர் என்ன செய்வார் என்று அம்மா கேட்டார். நம்மிடமிருந்து எடுக்கக் கூடாது என்பதுதானே தடை, நாமாக மனமுவந்து கொடுக்கத் தடை உண்டா?

தடை இல்லை. கடமைக்கு மேலான ஒட்டகத்தை ஒருவர் மனமுவந்து கொண்டுவந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்று அவருடைய செல்வத்தில் பரக்கத்துக்காக துஆ செய்தார்கள் என்ற செய்தி அபூதாவூதில் உண்டு. தீவனக் கடனை நினைத்து அத்தா அன்றிரவு அதிகம் பேசவில்லை. காலையில் மூன்றாம் ஈற்றுத் தாய் ஒன்றை, நான்கு நாள் குட்டியோடு அவரே பிரித்து நிறுத்தினார்.

ஆட்டைக் கயிற்றில் பிடித்து அத்தா நடக்க, குட்டியை நாங்கள் மாறி மாறித் தூக்கிக்கொண்டோம். தாய் அடிக்கடி நின்று, திரும்பி, குட்டியை முகர்ந்த பின்னரே நடந்தது. அரை மணி வழிக்கு ஒரு மணியாயிற்று. அந்தப் பெண் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"குட்டியுமா அண்ணே?" என்று கேட்டார்.

"அதை விட்டால் இது தீனி தொடாதும்மா. ராத்திரிக்குச் சாக்கு போட்டு மூடிவிடு" என்றார் அத்தா.