பலூன் ஊதச் சொன்னால் அவமானமா?

சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போவதற்காகக் கட்டுநாயக்கவில் விமானம் ஏறினோம். வெள்ளவத்தையிலிருந்து மூன்று பேர், கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பேர். கதவு மூட முதல், பின் சீட்டிலிருந்த ஐயா ஒருவர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கப்டன் வெறியில நிக்கிறார் போல. ஏறேக்க கண்டனான். கண் ரெண்டும் சிவந்து கிடக்கு, நடையும் சரியில்லை."

அந்தப் பிள்ளை சிரித்தது. "அப்பிடி ஒண்டும் இல்லை ஐயா, பெல்ட்டைப் போடுங்கோ." அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பறந்தோம், ஒழுங்காகவே இறங்கினோம். ஆனால் அந்த ஒன்றேகால் மணித்தியாலமும் எங்கள் ஐந்து பேரின் கையும் சீட்டின் கைப்பிடியை விடவில்லை.

அன்றிரவு அறையில் பெரிய வாக்குவாதம். அந்தக் கப்டன் என்ன செய்திருக்க வேணும்?

"ஆரோ ஒருத்தர் சொன்னார் எண்டதுக்காக, இவ்வளவு வருசம் பறந்த மனுசன் மூச்சு ஊதிக் காட்ட வேணுமா?" என்றான் ஒருவன். அதிலும் நியாயம் இருக்கிறது. இரவு முழுக்க வேலை செய்தவருக்கும் கண் சிவக்கும்.

ஆனால் சந்தேகம் எப்போதும் பொய்யாகிப் போவதில்லை. 2016 ஓகஸ்ட்டில் பிராங்பேட்டிலிருந்து கொழும்புக்கு வரவிருந்த ஸ்ரீலங்கன் விமானத்தின் கப்டன், புறப்பட முன் நடந்த மூச்சுப் பரிசோதனையில் தேறவில்லை. பயணிகள் சுமார் 15 மணித்தியாலம் காத்திருந்தார்கள், கப்டன் இடைநிறுத்தப்பட்டார். 2018 நவம்பரில் டெல்லியிலிருந்து லண்டனுக்குப் பறக்கவிருந்த எயார் இந்தியா விமானி ஒருவரும் தேறவில்லை. அவர் அந்த நிறுவனத்தின் செயற்பாட்டுப் பணிப்பாளர். உரிமம் மூன்று வருடத்துக்கு நிறுத்தப்பட்டது. பதவியும் அனுபவமும் மூச்சுக்குச் சாட்சி சொல்லாது.

அதுவரை பேசாமலிருந்த எங்கட ஜம்பட்டா வீதித் தோழி அப்போதுதான் வாய் திறந்தாள். அவளின் அப்பா ஓட்டோ ஓட்டுகிறவர். சீனி வருத்தம். ஒருநாள் மத்தியானம் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஹயர் போயிருக்கிறார். காலி வீதியில் வேர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, ஓட்டோ ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. பின்னால் இருந்த அம்மா கத்தத் தொடங்கிவிட்டார், "வெறிகாரன், நிப்பாட்டு!" சனம் கூடி, ஒருவன் சேட்டைப் பிடித்து இழுத்தும்விட்டான். பொலிஸ் வந்தபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சேர், பலூன் தாங்கோ, ஊதுறன்."

ஊதினார். ஒன்றும் இல்லை. சனம் கலைந்தது.

"ஆனா அதோட கதை முடியேல்லை," என்றாள். "அப்பா குடிக்கேல்லைதான். ஆனா அந்த நேரம் அவர் ஓட்டியிருக்கக் கூடாது. அந்த அம்மா சொன்ன காரணம் பிழை, கண்டது சரி."

அதற்குப் பிறகு வாக்குவாதம் வேறு பக்கம் திரும்பியது. பயணிக்கு மதுவையும் களைப்பையும் நோயையும் பிரித்தறியத் தெரியாது. 'ஏதோ சரியில்லை' என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதை அவருக்குத் தெரிந்த ஒரே சொல்லில் சொல்கிறார்: வெறி. கப்டன் அந்தச் சொல்லைக் கேட்டுக் கோபித்தால், அதற்குள் இருக்கிற கேள்வியைத் தவறவிடுவார்: இண்டைக்கு நான் பறக்கக்கூடிய நிலையில இருக்கிறேனா? ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் விமானிகள் தங்களையே கேட்கப் பழக்கப்பட்ட கேள்விதானே அது. நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு எல்லாம் அதற்குள் அடக்கம்.

அதனால் நாங்கள் வந்து சேர்ந்த முடிவு இது. பணிப்பெண் சிரித்து மழுப்பாமல் கப்டனுக்குச் சொல்ல வேணும். கப்டன் வெளியே வந்து பயணியோடு சண்டை பிடிக்கவும் வேண்டாம், பகிடி விடவும் வேண்டாம். துணை விமானிக்கும் நிறுவனத்துக்கும் அறிவித்து, தானே பரிசோதனை கேட்க வேணும். மவுத்வாஷ் போட்டிருந்தால் வாயில் தங்கியிருக்கும் மது கருவியை ஏமாற்றும், கால் மணித்தியாலம் விட்டு மறுபடி ஊதினால் உண்மை தெரியும். களைப்பென்றால் களைப்பென்று சொல்லி விலக வேணும், அப்படி விலகுகிறவரை நிறுவனமும் தண்டிக்கக் கூடாது. முடிவு என்னவென்றாலும் அது எழுத்தில் இருக்க வேணும். சும்மா பழி சொல்லும் பயணியிடமிருந்து விமானியைக் காப்பாற்றுவதும் அந்தக் காகிதம்தான்.

இலங்கையில் வாகனம் ஓட்டுபவருக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுதான் எல்லை. பிரித்தானியாவில் விமானிக்கு 20. இந்தியாவில் பூச்சியம், அதோடு கடைசியாகக் குடித்து 12 மணித்தியாலமாவது கழிந்திருக்க வேணும். எங்களைவிடக் கடுமையான எல்லையை ஏற்றுக்கொண்டுதான் அவர்கள் அந்தச் சீட்டில் இருக்கிறார்கள். ஊதிக் காட்டுவது அந்த வேலையின் ஒரு பகுதி, அவமானம் இல்லை.

தோழியின் அப்பா இப்போது ஓட்டோவில் ஒரு பக்கற் டொஃபி வைத்திருக்கிறார். பின்னால் இருக்கிறவர் "அண்ணை, என்ன ஒரு மாதிரி இருக்கிறீங்கள்?" என்றால் அவருக்கு இன்னும் கோபம் வருமாம். ஆனாலும் முதலில் ஓரங்கட்டிவிட்டு ஒரு டொஃபியை வாயில் போடுவார்.

வானத்தில் ஓரங்கட்ட ஏலாது. அந்த ஐயாவின் கேள்விக்குக் கதவு மூட முதலே பதில் கிடைத்திருக்க வேணும்.