தூணின் கால்

மரத்தூண் பெரும்பாலும் காலிலிருந்துதான் கெடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். போதிகையில் செதுக்கிய பூவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கீழே கடைசி அரையடி மட்டும் சத்தமில்லாமல் இற்றுப்போயிருக்கும்.

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில், தாத்தா கட்டிய எங்கள் வீட்டுத் திண்ணையில் நான்கு தேக்குத் தூண்கள். போன கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஆசாரி அண்ணன் வந்து ஒவ்வொரு தூணின் அடியிலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். முதல் இரண்டில் நுனி மட்டும் இறங்கியது. மூன்றாவதில் ஓர் அங்குலம். நாலாவதில் கைப்பிடி வரைக்கும் போய்விட்டது.

"இது தூணே இல்ல தம்பி. பெயின்ட்தான் நிக்குது" என்றார்.

அந்தத் தூணில்தான் அம்மா தினமும் சாயங்காலம் சாய்ந்து உட்காருவாள். அப்பா போன பிறகு வீட்டில் அவள் மட்டும்தான். நான் பெங்களூரில், அண்ணன் மஸ்கட்டில். அண்ணன் போனில் தெளிவாகச் சொன்னான்: "நாலையும் எடுத்துட்டு கான்கிரீட் போட்டுடலாம்டா. முப்பது வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்." வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி இருந்தது. அத்தனை வருஷம் நன்றாக நின்ற மரம் இப்போது ஏன் இற்றது? பலம் போதாமலா? ஆறு அங்குலத் தேக்குத் தூண் பல டன் தாங்கும். எங்கள் ஓட்டுக்கூரை அதில் கொஞ்சம்தான் கேட்கிறது.

தூணைச் சுற்றி சிமெண்டைக் கொத்தியதும் விஷயம் தெரிந்தது. அடியில் ஒரு கருங்கல். தாத்தா காலத்தில் அது தரைக்கு மேலே தெரிந்துகொண்டிருந்திருக்கிறது. 1996இல் அப்பா திண்ணையை அரையடி உயர்த்தி, சிமெண்ட் பூசி, சிவப்பு பாலிஷ் போட்டார். ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் திண்ணைக்கு ஏறிவிடும், அம்மா வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகத்தான் உயர்த்தினார். அதன்பிறகு தண்ணீர் ஏறவில்லை. ஆனால் கல் சிமெண்டுக்குள் போய்விட்டது, மரத்தின் காலும் அதோடு போய்விட்டது.

மரம் நனைவதால் மட்டும் இற்றுவிடாது. நனைந்து, காய முடியாமல் போனால்தான் இறும். ஈரப்பதம் இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதை அரிக்கும் பூஞ்சையால் வளர முடியாது. மரத்தின் குழாய்கள் மேலும் கீழுமாக ஓடுகின்றன, அதனால் அறுத்த முனை பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். சிமெண்ட் அந்த முனையைச் சுற்றி ஒரு கிண்ணம் மாதிரி நின்றது.

ஜப்பானில் இதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. இசே ஆலயத்தின் தூண்களை நேராக மண்ணில் நடுகிறார்கள். அங்கே இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகக் கட்டுவது மரபு. கடைசியாகக் கட்டியது 2013இல். நாராவுக்குப் பக்கத்தில் ஹோர்யூஜி கோயிலின் தூண்கள் கல்மேல் நிற்கின்றன, சுமார் 1300 ஆண்டுகளாக. கால் இற்றால் அதை மட்டும் அறுத்து, புது மரத்தை இணைப்பதற்கு அவர்களிடம் 'நெட்சுகி' என்று ஒரு பெயரே இருக்கிறது. வேர் ஒட்டு என்று சொல்லலாம்.

ஆசாரி அண்ணனிடம் பெயர் எதுவும் இல்லை. "காலை மட்டும் வெட்டிட்டு ஒட்டுப் போட்டுடலாம்" என்றார்.

கான்கிரீட்டைவிட இதற்குச் செலவு அதிகம். முடிவை அம்மாதான் எடுத்தாள். "வெயில் காலத்துல கான்கிரீட்ல சாஞ்சா முதுகு சுடும்ப்பா. மரமே இருக்கட்டும்." அண்ணனுக்கும் அதற்கு மேல் பேச்சில்லை.

உத்திரத்துக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து இரண்டு நூல் தூக்கினார்கள். எட்டு நூல் ஓர் அங்குலம். அதற்கு மேல் தூக்கினால் ஓடு பிரியும். முதல் இரண்டு தூண்களிலும் அரையடி அறுத்தார்கள். மூன்றாவதில் ஒன்றரை அடி போனது. புது மரத்தைப் படிபோல் வெட்டி மேல்மரத்தோடு பொருத்தி, இரண்டு போல்ட் முடுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் புதுக் கருங்கல், தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே தெரிகிற மாதிரி.

நாலாவது தூணைக் காப்பாற்ற முடியவில்லை. காரைக்குடியில் பழைய மரக்கடை ஒன்றில், இடித்த வீட்டுத் தூண் கிடைத்தது. எங்கள் வீடு நிற்க வேறொரு வீடு விழ வேண்டியிருந்தது. அந்தத் தூணில், உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு தடவிய விரல் தடங்கள். ஆசாரி அண்ணன் இழைப்புளியைக் கையில் எடுத்தார். அம்மா தடுத்துவிட்டாள். "இருக்கட்டும் ஆசாரி. யாரோ உக்காந்து வெத்தல போட்ட எடம்."

திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பதை என் வேலையிலும் தினமும் கேட்கிறேன். யாரும் திரும்பிப் பார்க்காத கோடுதான் முதலில் இறும்.

அம்மாவுக்கு இப்போது ஒரே குறை, கூட்டும்போது விளக்குமாறு கல்லில் இடிக்கிறதாம். இடிக்கட்டும். இடிக்கும்போதெல்லாம் ஒரு தடவை குனிந்து தூணின் காலைப் பார்ப்பாள்.