கொல்லை மண்

ஜூன் 8

நாளைக் காலையில் வீடு மாறுகிறோம். ஆனி பிறக்க இன்னும் ஒரு வாரம்தான். ஆனியில் குடி போகக் கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். வீட்டுக்காரருக்கு ஆவணியில் மனை பூஜை போட வேண்டும். அதற்குள் இந்த ஓட்டு வீட்டை இடித்தாக வேண்டும். 21 வருஷம் இருந்த வீடு. பாத்திரம் பண்டமெல்லாம் இரண்டே நாளில் மூட்டையாகிவிட்டது. நாலு பூனைகளை ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெருவிலிருந்து உறையூர் மூன்றாவது மாடிக்குக் கொண்டு சேர்ப்பதுதான் ஒரு மாதமாக என் தலையில் ஓடுகிறது.

மூடி வைத்த கூடைகள் மூன்றை மூன்று வாரத்துக்கு முன்பே கூடத்தில் திறந்து போட்டுவிட்டேன். உள்ளே பழைய துண்டு. கிளம்புகிற அன்றைக்கு எடுத்தால் அது ஊசி போடக் கொண்டுபோகிற கூடை. நாலும் ஓட்டின் மேல் ஏறிவிடும். இப்போது பொரி அதற்குள்தான் தூங்குகிறாள். எட்டு மாதக் குட்டி, கறுப்பு உடம்பில் வெள்ளை தெறித்திருக்கும்.

பட்டுவை நினைத்தால்தான் பயம். சாம்பல் வரி, வயது 11. இந்தத் தெருவில் அவளுக்கு எத்தனை வீடு என்று எனக்கே தெரியாது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஓட்டின் மேலேயே நடந்து ஆறாவது வீட்டு முற்றத்தில் இறங்கி, மாமி வைக்கிற தயிர்சாதத்தில் ஒரு வாய் தின்றுவிட்டுக் கொல்லை வழியாகத் திரும்புவாள்.

சாயங்காலம் அம்மா கொல்லைக்குப் போய்த் துளசியை வேர்மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்தாள்.

ஜூன் 9

வெயிலுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஐந்தரைக்கே ஆட்டோ சொல்லியிருந்தேன். சூடும் பயமும் சேர்ந்தால் பூனை வாயைத் திறந்து நாய் மாதிரி இரைக்கும், அது நல்லதற்கில்லை. கூடைகளை வேட்டியால் மூடினேன். இருட்டாக இருந்தால் கொஞ்சம் அடங்கும். பொரியும் அவள் அம்மா குங்குமமும் ஒரே கூடை. காவிரிப் பாலம் ஏறும்வரை நாலும் கத்திக்கொண்டே வந்தன. பாலத்தில் காற்று அடித்ததும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. கீழே ஆறு வெறும் மணல். மேட்டூர் வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12க்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

"எங்க ஊர்ல மீன் திருடுற பூனையைச் சாக்குல கட்டி ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வருவாங்க. நாலாம் நாள் அடுப்படியில வந்து நிக்கும்" என்றாள் அம்மா.

என் பயமும் அதுதான். தப்பித்து வெளியே போனால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பும். நடுவில் பாலம், லாரிகள். அத்தனையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தாலும் அங்கே வீடு இருக்காது. அதனால் ஒரு மாதத்துக்கு வாசற்கதவு திறக்கக் கூடாது என்று முடிவு.

குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். குங்குமம் பொரியையும் மற்ற குட்டிகளையும் பரணிலிருந்து மாட்டுக்கொட்டிலுக்கு, அங்கிருந்து பக்கத்து வீட்டு விறகு அறைக்கு என்று நாலு இடம் மாற்றினாள். பிடரியைக் கவ்வியதும் குட்டி காலை மடக்கிக்கொண்டு துவண்டு தொங்கும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பார்த்தாலே அந்தப் பழைய வாதம் ஞாபகம் வரும். வடகலைக்குக் குரங்குக் குட்டி, தென்கலைக்குப் பூனைக் குட்டி. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டியைத் தாயே பற்றிக்கொள்ளும். இன்று நான்தான் நாலையும் தூக்கி வந்தேன். ஒன்றுகூட என் கையில் துவளவில்லை. பொரி நகத்தை ஊன்றிய இடம் தோளில் இன்னும் எரிகிறது.

ஜூன் 10

பெரிய தப்பு செய்திருக்கிறேன். குடி வருவதற்கு முந்தின நாள் ஆள் வைத்து இந்த வீடு முழுக்க பினாயில் ஊற்றித் துடைத்து வைத்திருந்தேன். சுத்தமாக வரவேற்கிற எண்ணம். பூனையின் ஈரலுக்குப் பினாயில் வகையறாக்களைச் செரித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. நடந்த பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். நேற்று முழுக்க வெறும் தண்ணீர் விட்டு ஏழெட்டுத் தடவை துடைத்தேன். மூச்சுவிட முடியாத அந்த நெடிக்குள் அவர்களைக் கொண்டு வந்து இறக்கியதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

உள்ளறை ஒன்றைத்தான் முதலில் கொடுப்பது என்று திட்டம். கட்டில், தண்ணீர், மணல் தட்டு, பழைய தலையணைகள். பரணில் வளர்ந்த உயிர்களுக்கும் முதல் நாளில் முழு வீடு அதிகம். ஆனால் மத்தியானம் சாமான் இறக்க வந்த பையன் அந்த அறைக் கதவைத் திறந்துவிட்டான். மூன்று பேர் கட்டிலுக்கடியில் இருந்தார்கள். பட்டு இல்லை.

ஆறு மணி நேரம். மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, கீழே வண்டிகளுக்கடியில் எல்லாம் தேடினேன். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டாள். இரவு எட்டு மணிக்கு, நாளைக்குத் துவைக்கலாம் என்று கூடத்து மூலையில் போட்டிருந்த அழுக்குத் துணி மூட்டை மெல்ல அசைந்தது. போர்வையில் முடிச்சுப் போட்ட மூட்டை. முடிச்சின் ஓரத்தில் நாலு விரல் இடைவெளி. அதற்குள் நுழைந்து, அம்மாவின் கட்டிக் களைந்த நூல்சேலைக்குள் சுருண்டு கிடந்தாள். இந்த வீட்டிலேயே பழைய வீட்டின் வாசனை உள்ள ஒரே இடம்.

அம்மா மடி ஆசாரம் பார்ப்பவள் இல்லை என்றாலும், கட்டிக் களைந்த துணி ராத்தங்கக் கூடாது என்பாள். "அந்தச் சேலையை அப்படியே விடு. துவைக்காதே" என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஜூன் 12

மணல் தட்டு நாலு வாங்கியிருக்கிறேன். பூனைக்கு ஒன்று, மேலே ஒன்று என்பார்கள். அந்தக் கணக்குக்கு ஐந்து வேண்டும். இடமில்லை. கடையில் விற்கிற களிமண் குருணையைப் பட்டுவும் நாலில் ஒரே ஆணான கரிச்சானும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 11 வருஷம் கொல்லை மண்ணைப் பறித்து மூடிய காலுக்கு அது தார் ரோட்டுச் சல்லி மாதிரித்தான் இருக்கும்.

காலையில் அம்மா துளசிக்குத் தண்ணீர் விடப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். தொட்டிக்குள் ஒடுங்கி, வாலை விறைத்து, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு குங்குமம் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் துளசியின் வேர்மேல் மண்ணைத் தள்ளி அழகாக மூடினாள்.

நான் நடுங்கிப் போனேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "அதுக்கு அந்த மண்ணு தெரிஞ்சிருக்குடி" என்றாள்.

மத்தியானமே ஸ்ரீரங்கம் போனேன். மாமியின் சாவியில் கொல்லைக் கதவைத் திறந்து, கிணற்றடிக்கும் முருங்கைக்கும் நடுவிலிருந்து ஒரு அரிசிப் பை நிறைய மண் அள்ளி வந்தேன். ஒவ்வொரு தட்டிலும் குருணைமேல் இரண்டு பிடி தூவினேன். இரவுக்குள் மூன்று தட்டுகளில் வேலை நடந்துவிட்டது. துளசியை அம்மா வேறு தொட்டிக்கு மாற்றி, கைப்பிடிச் சுவர்மேல் கம்பியால் கட்டி வைத்திருக்கிறாள்.

ஜூன் 13

நாய் மனுஷனோடு, பூனை வீட்டோடு என்று எல்லாரும் சொல்வதை நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது நம்பிக்கையில்லை. கன்னத்தில், தாடையில், நெற்றியில், விரல் இடுக்கில் எல்லாம் அவற்றுக்கு வாசனைச் சுரப்பிகள். கதவு நிலையில் கன்னத்தைத் தேய்ப்பது, நம் காலில் தேய்ப்பது, ஒன்றன்மேல் ஒன்று படுத்து உரசுவது எல்லாமே எழுதி வைப்பதுதான். மனுஷர், மரம், சுவர் என்று பிரிக்காமல் எல்லாவற்றின் மேலும் எழுதியிருக்கிறார்கள். நான்தான் ஒரே நாளில் அத்தனையையும் பிடுங்கி, எழுத்தே இல்லாத ஒரு வீட்டில் கொண்டு வந்து விட்டேன்.

கரிச்சான் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. கொழுத்த ஆண் பூனை, குடும்பக் கட்டுப்பாடு செய்தது, 6 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இப்படிப்பட்டது இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். பசித்தால் தானாகத் தின்னும் என்று விட முடியாது. நெத்திலியை வேகவைத்து, ஆறவிடாமல் இளஞ்சூடாக வைத்தேன். சூட்டில்தான் மணம் எழும். முகர்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜூன் 14

மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசியும் சலைனும் போட்டு மத்தியானம் திரும்பினோம். கூடையைத் திறந்தேன். கரிச்சான் இரண்டடி வைத்திருப்பான். குங்குமம் எதிரில் வந்தாள். கூடவே வளர்ந்தவள், தினமும் அவன் காதை நக்கிவிடுகிறவள். மூக்கை நீட்டினாள். அடுத்த கணம் முதுகு வில்லாக வளைந்தது. வால் பாட்டில் கழுவும் பிரஷ்போல் பருத்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சீற்றம் வந்தது; அவளிடம் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதேயில்லை. பொரி அம்மாவைப் பார்த்துத் தானும் சீறினாள். ஏற்கெனவே ஒடுங்கிப் போயிருந்த கரிச்சான் வயிறு தரையில் படப் பின்வாங்கிக் கூடைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டான்.

கண்ணுக்குக் கரிச்சான்தான். மூக்குக்கு அவன் ஸ்பிரிட்டும் ஊசி மருந்தும் ஏதோ நாயின் வாடையும் ஏறிய அந்நியன். பூனைக்கு மூக்கு சொல்வதுதான் முடிந்த முடிவு.

அவனைத் தனியறையில் விட்டேன். அம்மாவின் அந்தச் சேலையிலிருந்து இரண்டு முழம் கிழித்தேன். அம்மாவே கிழிக்கச் சொன்னாள். அதைக் கொண்டு முதலில் பட்டுவின் கன்னத்தைத் தடவி, பிறகு குங்குமம், பொரி, கடைசியில் கரிச்சான். தலையிலிருந்து வால்வரை நிதானமாகத் தேய்த்தேன். ஒரு மணி நேரம் விட்டு மறுபடியும். இரவு பத்து மணிக்குக் கதவைத் திறந்தபோது குங்குமம் அவன் பிடரியை நீண்ட நேரம் முகர்ந்தாள். பிறகு காதை நக்க ஆரம்பித்தாள். ஏழு நெத்திலி தின்றான். எண்ணினேன்.

ஜூன் 15

ஆனி ஒன்று. கரிச்சான் ஒரு கிண்ணம் காலி செய்தான். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 22

காற்று தொடங்கிவிட்டது. திருச்சிக் காற்று தெரிந்ததுதான், மூன்றாவது மாடியில் அது வேறு மாதிரி இருக்கிறது. கதவு ஒன்று படீரென்று அடித்தால் நாலும் ஒரே நேரத்தில் மறைந்துவிடும்; அரை நாள் கழித்துத்தான் முகம் தெரியும். எல்லாக் கதவுக்கும் தென்னை நாரைச் சுருட்டி அடைகொடுத்திருக்கிறேன். பால்கனிக்கு முந்தின குடித்தனக்காரர் புறாவுக்காகக் கட்டியிருந்த நைலான் வலையைப் பொரி இரண்டே நாளில் கடித்து ஓட்டை போட்டாள். இரும்பு வலை அடித்தாயிற்று. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில் நிற்கும் என்று சொல்லிக்கொண்டு வலையே போடாமல் இருப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. காலில்தான் விழும், அந்தக் காலும் தாடையும் உடையும்.

கீழ்வீட்டுப் பையன் குங்குமத்தைப் பார்க்க வந்தான். மூன்று நிறம் எப்படி வந்தது என்று கேட்டான். செம்மைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதையும், இரண்டு எக்ஸ் இருந்தால்தான் ஓர் இடத்தில் கறுப்பும் இன்னோர் இடத்தில் செம்மையும் வெளிப்படும் என்பதையும், அதனால் மூவண்ணப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்தான் என்பதையும் சொன்னேன். "அப்ப இந்தக்கா ஸ்பெஷல்" என்றான்.

ஜூன் 28

எதிர்வீட்டு அக்கா ஒரு சொம்புப் பாலோடு வந்தார். "பூனைங்களுக்கு" என்றார். அன்பாகக் கொண்டு வந்ததை வேண்டாம் என்று சொல்லச் சங்கடமாக இருந்தது. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். சொன்னதும் நம்பவே முடியவில்லை அவருக்கு. நம் மனசில் பூனையும் பாலும் அப்படி ஒட்டிக் கிடக்கின்றன. கம்பனே அவையடக்கத்தில், பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடப் போன பூனை என்றுதானே தன்னைச் சொல்லிக்கொள்கிறான். பூசை என்கிறான், பழைய சொல். ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே அவன் ராமாயணம் அரங்கேறியதாகச் சொல்கிற அந்த மண்டபத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூனை ஞாபகம் வரும். இனி தினம் தாண்ட முடியாது. அம்மாவுக்கு அதுதான் ஏக்கம். பால் காப்பிக்குப் பயன்பட்டது. அக்காவுக்கும் ஒரு தம்ளர்.

ஜூலை 6

கூடத்திலிருந்து உள்ளறைக்குத் திரும்பும் சுவர் முனையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பழுப்பாக ஒரு கறை. விரலை வைத்தால் லேசான பிசுக்கு. இங்கே வந்த முதல் வாரத்தில் இல்லாதது. குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டு வந்தாள். என் கையை ஒதுக்கிவிட்டு, வாயோரத்திலிருந்து காதுவரை கன்னம் முழுவதையும் அந்த முனையில் அழுத்தி இழுத்தாள். திரும்பி வந்து மறு கன்னம். பிறகு என் முழங்கால். நாலு வாரத்தில் முதல் முறை.

பழைய வீட்டில் ரேழித் தூணில் இதே உயரத்தில் இதே கறை இருந்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்து அழித்திருக்கிறேன்.

ஜூலை 12

கரிச்சான் இன்னும் முழுசாகத் தேறவில்லை. விடிகாலை நாலரைக்கு வாசற்கதவுக்கு முன்னால் உட்கார்ந்து கத்துகிறான். பழைய தெருவில் பால்காரர் சைக்கிள் வரும் நேரம் அது. நானும் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்கிறேன். கொஞ்ச நேரத்தில் அடங்கி, என் காலோடு சாய்ந்துகொள்கிறான். கதவை இன்னும் திறக்கவில்லை.

தட்டில் மண் குறைந்துகொண்டே வருகிறது. வாரத்துக்கு வாரம் ஒரு பிடி குறைத்துப் போட்டுப் பழக்குகிறேன். பட்டு மட்டும் குருணைக்கு வரமாட்டேன் என்கிறாள். மாமிக்கு போன் செய்தேன். புதன்கிழமை இடிக்க ஆள் வருகிறார்களாம். அதற்குள் இரண்டு பை அள்ளித் திண்ணையில் வைக்கிறேன் என்றார். கிணற்றடிப் பக்கம் அள்ளுங்கள் மாமி, அங்கேதான் அவர்கள் போவார்கள் என்று சொன்னேன். அம்மா போனை வாங்கி, துளசி இருந்த இடத்திலிருந்தும் ஒரு பிடி என்றாள்.