நூறு கிராம் எடைக்கல்

என் முதுகுப்பையின் பக்க அறையில் ஓர் இரும்பு எடைக்கல் எப்போதும் இருக்கும். 100 கிராம். மன்னார்குடியில் அப்பா நடத்திய மளிகைக்கடையில் கடுகும் மிளகும் நிறுத்துக்கொடுத்த கல் அது. கடையை மூடியபோது தராசை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். இந்தக் கல்லை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது நியூசிலாந்தின் தென்மேற்கு மூலையில், ஃபியோர்ட்லாண்ட் மலைக்காட்டில், பொறிகளைச் சோதிக்க அது பயன்படுகிறது.

நான் குடியிருப்பது தே அனாவ் என்ற ஏரிக்கரை ஊர். இங்கே ஓர் ஓடையை ஒட்டி, 200 மீட்டருக்கு ஒன்றாக 42 மரப்பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பொறி. ஒன்பது வருடமாக அந்த வரிசை என் பொறுப்பு. தன்னார்வ வேலை, சம்பளம் கிடையாது. பொதுவாக மாதம் ஒருமுறை போவேன். குளிர்காலமான ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். "குளிரில் ஏன் கூடுதலாகப் போகிறாய்?" என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நியூசிலாந்துக்கே உரிய நிலவாழ் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். மோப்பம் பிடித்து வரும் மிருகமே இல்லாத நாட்டில் பறவைகள் அச்சமில்லாமல் தரையில் கூடு கட்டின. சில பறப்பதையே விட்டுவிட்டன. 1880களில், முயல் தொல்லையை ஒழிப்பதற்காக பிரிட்டனிலிருந்து ஸ்டோட் என்ற பிராணியைக் கொண்டுவந்து விட்டார்கள். வேண்டாம் என்று பறவையியலாளர்கள் அப்போதே எச்சரித்தார்கள், யாரும் கேட்கவில்லை. கீரி மாதிரி நீண்ட உடம்பு, ஆனால் கீரியைவிடச் சிறியது. வால் நுனி மட்டும் கறுப்பு. ஆண் 300 கிராம் அளவில் இருக்கும், பெண் 200 கிராம் அளவில். முயலுக்காக வந்தது காட்டுக்குள் புகுந்து, முட்டைமேல் உட்கார்ந்திருந்த பறவையைப் பிடித்துக்கொண்டது.

என் ஓடையில் ஃபியோ இருக்கிறது. சாம்பல் நீல நிற வாத்து. ஆண் வாத்தின் சீட்டியொலியைத்தான் மாவோரி மக்கள் அதற்குப் பெயராக வைத்தார்கள். வேகமாகப் பாயும் மலை ஓடையை விட்டு அது வேறெங்கும் வாழாது. குளிர்காலக் கடைசியில் பெண் வாத்து கரையோரப் பொந்தில் முட்டையிட்டு ஒரு மாதத்துக்கு மேல் அடைகாக்கும். அந்த நாட்களில் ஸ்டோட் வந்துவிட்டால் அதற்குத் தப்ப வழியில்லை.

பெண் ஸ்டோட்டின் உடலில் ஒரு விசேஷம் உண்டு. கோடையில் இணை சேர்ந்தாலும் கரு உடனே வளராது. மாதக்கணக்கில் அப்படியே காத்திருந்து, குளிர்காலக் கடைசியில்தான் கருப்பையில் பதியும். அக்டோபர் வாக்கில் குட்டிகள் பிறக்கும், சில ஈற்றில் பத்துக்கு மேலும். அதனால் ஜூலையில் என் ஓடைக்கரையில் நடமாடும் பெண் ஸ்டோட் ஏறக்குறைய ஒவ்வொன்றும் அடுத்த ஈற்றைச் சுமந்துகொண்டிருக்கிறது. இந்தக் காட்டின் பீச் (beech) மரங்கள் அமோகமாக விதை உதிர்த்த வருடமென்றால் எலிகள் குளிரிலும் பெருகும், அவற்றைத் தின்று ஸ்டோட்டும் செழிக்கும். ஜூலையில் ஒரு பெட்டி வேலை செய்யாமல் போனால், கோடையில் ஒரு குடும்பமே அந்தக் கரையில் வேட்டை பழகும்.

பொறிக்குக் கெட்ட காலமும் இதே ஜூலைதான்.

ஃபியோர்ட்லாண்டில் மழை என்றால் என்னவென்று சொல்ல ஒரு கணக்குப் போதும். இங்கிருந்து வடக்கே உள்ள மில்ஃபோர்ட் சவுண்டில் வருடத்துக்கு 6 மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. என் ஓடை அவ்வளவு நனைவதில்லை. ஆனாலும் பெட்டிகள் காய்ந்து நான் பார்த்த நாட்கள் குறைவு. கடுங்குளிர் மட்டும் இருந்தால் பொறிக்கு ஒன்றும் ஆகாது. உலர்ந்த பனித்தூளை ஒரு பிரஷால் தட்டிவிடலாம். பகலில் இளகி இரவில் உறைவதுதான் கெடுக்கிறது. பகலில் நீர் ஒவ்வொரு இடுக்கிலும் கசிந்து இறங்கும், ராத்திரி அங்கேயே கட்டியாகும். மறுநாள் மறுபடி கசியும். நாலு இரவில் பொறிக்குள் ஒரு விரற்கடை பனிக்கட்டி ஏறிவிடும்.

நான் வைப்பது இந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய டாக் 200 என்ற பொறி. நடுவில் மிதிதட்டு. பிராணி அதில் கால் வைத்தால் தட்டு இறங்கும், கொக்கி விடுபடும், இரண்டு ஸ்பிரிங்குகளின் வேகத்தில் இரும்புச் சட்டம் மேலே அறையும். தட்டு இறங்குவதற்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். அந்த இடத்தில் வண்டலும் இலைச்சருகும் சேர்ந்து, நீர் ஊறி உறைந்துவிட்டால் தட்டு கல்லாகிவிடும். மேலே ஸ்டோட் நடந்து போனாலும் அசையாது.

என் முதல் குளிர்காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். பதினேழாம் பெட்டி. தட்டு உறைந்திருந்தது. பிளாஸ்கில் டீக்குக் கொண்டுபோயிருந்த வெந்நீரை ஊற்றினேன். பனி உருகியது, தட்டு ஆடியது, நல்லபடியாக முடிந்தது என்று திருப்தியோடு நகர்ந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்தபோது பொறி பூட்டியபடியே இருந்தது. நான் ஊற்றிய நீர் அன்றிரவே உறைந்து, முன்பைவிடக் கெட்டியாகத் தட்டைப் பிடித்திருக்கிறது. தட்டின் மேல் படிந்திருந்த மெல்லிய உறைபனியில் சின்னச் சின்னக் காலடிகள், உள்ளே போனதும் திரும்பி வந்ததும். பின்னால் இரையாக வைத்திருந்த முட்டை வெறும் ஓடு. அந்த வசந்தத்தில் ஓடை வளைவுக்குக் கீழே இருந்த பெண் ஃபியோ பொந்திலிருந்து திரும்பவில்லை. ஆண் மட்டும் பாறைமேல் நின்று சீட்டியடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒரே ஸ்டோட் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் காலடிகளை நான் மறக்கவில்லை.

அன்றைக்குத்தான் கிட்டிக்காரர் நினைவுக்கு வந்தார். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா வயலில் எலிக்குக் கிட்டி வைக்கும் பெரியவர், அப்பாவின் கடைக்குப் பொரி வாங்க வருவார். கிட்டி என்பது மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு பூட்டிய பொறி. சின்ன வயதில் அவரோடு வரப்பில் நடந்திருக்கிறேன். ஒவ்வொரு கிட்டியையும் நடுவதற்கு முன்னால் ஒரு குச்சியால் தட்டி விழவைத்துப் பார்ப்பார். மறுபடி பூட்டுவார். "நனைஞ்ச கிட்டிய அப்படியே நட்டுட்டு வந்தா, அது வயல்ல நட்ட குச்சிதான் தம்பி" என்பார். மூங்கிலுக்கும் சரி, எஃகுக்கும் சரி, அந்தச் சொல் பொருந்தும்.

இடத்தை மாற்றுவதில்தான் நான் முதலில் தொடங்கினேன். குளிர்காற்று கனமானது. ராத்திரியில் சரிவில் இறங்கி ஓடைப் படுகையில் தேங்கும். நீரோரம் இருந்த பெட்டிகளைக் கரையில் சில மீட்டர் மேலேற்றினேன். பீச் மரம் இங்கே இலை உதிர்ப்பதில்லை. அதன் குடைக்குக் கீழே உறைபனி குறைவு. பெட்டியைத் தரையில் வைக்காமல் தட்டையான கற்கள்மேல், நீர் வடிய ஒரு பக்கம் லேசாகச் சரித்து வைத்தேன். அடிப்பலகையில் துளைகள் போட்டேன். ஈரமண் உறையும்போது உப்பிப் பெட்டியைத் தூக்கிக் கோணலாக்கும். அதனால் போகும்போதெல்லாம் கற்களைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது சுத்தம். பழைய டூத்பிரஷ், கம்பி பிரஷ், ஒரு மெல்லிய தகடு, இவ்வளவுதான் கருவிகள். தட்டுக்குக் கீழே தகடை விட்டு வண்டலை இழுத்தெடுப்பேன். கொக்கியின் முனையில் துரு இருந்தால் தேய்ப்பேன். பனிக்கட்டி இருந்தால் உடைத்து, சுரண்டி, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே பொறியைப் பூட்டுவேன். வெந்நீர் ஊற்றுவதே இல்லை.

பிறகு மசகு. கெட்டியான கிரீஸ் குளிரில் இறுகி, பனி செய்யும் வேலையைத் தானே செய்துவிடும். ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் லானோலின் ஸ்பிரே இங்கே பண்ணைக் கடைகளில் கிடைக்கும். அதை மெல்லிசாக அடித்துத் துடைத்துவிட்டால் நீர் ஒட்டாது, துருவும் பிடிக்காது. வட அமெரிக்காவில் பொறி வைப்பவர்கள் பொறியை உருகிய மெழுகில் முக்கியெடுப்பார்கள். மண்ணில் புதைக்கும் பொறி என்றால் மண்ணையே மெழுகு கலந்து வறுத்துப் போடுவார்கள். பனியை உருக்க உப்பு போடுபவர்களும் உண்டு. உப்பு எஃகைத் தின்னும் என்பதால் நான் அதைப் பொறியில் போடுவதில்லை.

இரைக்கும் குளிர் வேறு கணக்கு கேட்கும். உறைந்த இறைச்சிக்கு வாசனை எழாது. முட்டை உறைந்து வெடிக்கும். உப்பில் ஊறிய முயல்கறி எளிதில் உறையாது, வாசனையும் நிற்கும் என்பதால் குளிர்காலத்தில் அதைத்தான் வைக்கிறேன். முட்டை ஒன்றையும் பக்கத்தில் வைப்பேன், ஸ்டோட்டின் கண்ணுக்காக.

கேயா என்ற மலைக்கிளி எதையும் பிரித்துப் பார்க்கும் புத்திசாலி. அது பொறியில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக மூடியை ஸ்குரூ போட்டு முடுக்கியிருக்கிறோம். குளிரில் ஸ்குரூத் தலையில் பனி நிறைந்துவிடும், டிரில்லின் பேட்டரியும் சுணங்கும். பேட்டரியைக் கோட்டுக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டுதான் நடப்பேன்.

கடைசியாக எடைக்கல். எங்கள் வரிசையில் மிதிதட்டு 100 கிராமுக்கு இறங்கும்படி சரிசெய்கிறோம். இதைவிட ரொம்ப லேசான எடைக்கே விழுந்தால் சுண்டெலி மிதித்தாலும் பொறி வீணாகும். இறுகிப்போனால் சின்ன பெண் ஸ்டோட் தப்பிவிடும். பொறியைப் பூட்டி, எடைக்கல்லை நூலில் கட்டி ஒரு கம்பின் நுனியில் தொங்கவிட்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு தட்டின்மேல் இறக்குவேன். கல் உட்கார்ந்து ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அப்புறம் 'டப்' என்று காட்டையே அதிரவைக்கும் சத்தம். அதற்குப் பிறகு மறுபடி பூட்டி, இரை வைத்து, மூடியை முடுக்கி, அடுத்த பெட்டிக்கு நடப்பேன். விரல் விறைத்திருக்கும்போது பூட்டுவது ஆபத்து. அதனால் அவசரப்படாமல், முதலில் கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொள்வேன்.

இவ்வளவு மெனக்கெடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் உயிரைக் கொல்கிறேன். ஸ்டோட் தானாக இந்த நாட்டுக்கு வரவில்லை. மனிதன் செய்த பிழைக்கு அது உயிரைக் கொடுக்கிறது. பிராணி மூன்று நிமிடத்துக்குள் நினைவிழக்கவேண்டும் என்று கொல்பொறிகளைச் சோதிக்க இங்கே ஓர் அளவுகோல் இருக்கிறது. இந்தப் பொறி அதில் தேறியது. ஆனால் தேறியது புதுப் பொறி, சுத்தமான பொறி. சட்டத்தின் கீலில் பனியும் துருவும் ஏறிய பொறி அரை வேகத்தில் அடிக்கும், பிராணி துடித்துச் சாகும். பறவைக்குச் செய்யும் கடமை எவ்வளவோ, அவ்வளவு கடமை அந்த ஸ்டோட்டுக்கும் எனக்கு இருக்கிறது. கொல்வதென்றால் நொடியில் முடியவேண்டும். அதற்கு முடியாத பொறியைக் கழற்றி எடுத்துவந்துவிட வேண்டும்.

புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். காலிப் பெட்டிக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஸ்டோட் வரவில்லை, அல்லது வந்த ஸ்டோட்டைப் பொறி விட்டுவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். நாங்கள் பதிவுசெய்யும் செல்போன் செயலியில் இரண்டுக்கும் ஒரே பூஜ்யம்தான் ஏறும். அந்தப் பூஜ்யங்களைக் கூட்டிப் பார்ப்பவர்கள் காடு பத்திரமாக இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். ஆகவே காலிப் பெட்டியைக் கண்டதும் சந்தோஷப்படாதீர்கள். மூடியைத் திறங்கள், குனிந்து பாருங்கள், ஒருமுறை விழவைத்துப் பாருங்கள். அப்புறம் பூஜ்யம் போடுங்கள்.

போன சனிக்கிழமை வரிசையை முடித்து வந்தேன். இரண்டு ஸ்டோட், ஐந்து எலி. 42 பெட்டியிலும் எடைக்கல்லை இறக்கினேன். மூன்று விழவில்லை. மூன்றையும் அங்கேயே உட்கார்ந்து சரிசெய்து, மறுபடி கல்லை இறக்கி, விழுந்த பிறகுதான் எழுந்தேன்.