பெங்களூரில் சில நாட்கள் – 4: அல்சூர் தம்பி

ஆட்டோக்காரர்களைப் பற்றிச் சென்ற வாரமே புலம்பியாகிவிட்டது. அல்சூர் ஏரியின் வாடையையும் ஒரே வரியில் முடித்துக்கொள்கிறேன்: மூக்கைப் பிடித்துக்கொண்டு படகில் போக எனக்குப் பொறுமை இல்லை.

ஏரிக்குப் பக்கத்தில்தான் மெட்ராஸ் சாப்பர்ஸ் முகாம். 1780-ல் சென்னையில் தொடங்கிய ராணுவப் பொறியாளர் படை. முள்வேலியைத் தகர்க்கும் பெங்களூர் டார்பிடோ 1912-ல் இங்கே பிறந்தது. செங்கல்பட்டு மாவட்டத்துச் சுபேதார் சுப்பிரமணியன் 1944-ல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். இறந்தபின் ஜார்ஜ் சிலுவை வந்தது. இப்படை வீரர்களை ராணுவத்தில் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்படி ஒரு தம்பி, இப்போது எழுபதைத் தொடுகிறவர், டீக்கடை பெஞ்சில் வாய்த்தார். திருப்பத்தூர்ப் பக்கம். 1987-ல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்கு, யாழ்ப்பாணம் போனவர்.

“சண்டையைப் பத்திக் கேக்காதீங்க சார், சோத்தைப் பத்திக் கேளுங்க” என்றார். போன புதிதில் ஊரார் மாலை போட்டார்களாம். ஒரு வீட்டு அம்மா பிட்டும் சொதியும் கொடுத்தாராம். அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது. அதே வீட்டில் தண்ணீர் கேட்டபோது, வாளியைத் திண்ணையில் வைத்துவிட்டு அந்த அம்மா பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டார். “கூட வந்த பஞ்சாபிப் பசங்க குடிச்சிட்டாங்க. எனக்குத்தான் இறங்கல.”

விடிந்ததும் வண்டிகளுக்கு முன்னால் கண்ணிவெடி தேடி நடப்பது இவர்கள் வேலை. மதியம் பருப்பு, சப்பாத்தி. கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருப்பு. “திட்டினாலும் அழுதாலும் தமிழ்லதானே சார், எல்லாம் புரிஞ்சு தொலைக்கும்.” அதிகாரி மொழிபெயர்க்கச் சொன்னால் வசவை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்வாராம்.

டீக்குக் காசு எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். இந்த ஊரில் என் காசை வேண்டாமென்றவர் இவர் ஒருவர்தான்.

அமைதிப்படையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. இலங்கையில் பொதுமக்கள் பட்ட பாட்டை நினைத்தால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனாலும் தரையைப் பார்த்தே நடந்து திரும்பிய தம்பிகளுக்கு ஆளுக்கொரு மாலை போட்டிருக்கலாம் என்பதே என் கட்சி.

அடுத்த வாரம் கமர்ஷியல் தெரு. சுருக்கமாகத்தான் எழுதுவேன்; கால் வலிக்கிறது.